"கிருமி" என்று ஒரு சொல், "எதிர்ப்பு சக்தி" என்று ஒரு வியாபாரம்

நண்பர்களே, இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மழை தொடங்கியதும் எங்கள் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் வழக்கமான இரண்டு செய்திகள் வந்துவிட்டன. முதலாவது: "சளி, காய்ச்சல், தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் போய்க் காசைக் கரியாக்க வேண்டாம். மெடிக்கலில் அஸித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை வாங்கிப் போடுங்கள். மூன்றே நாளில் குணம்." இரண்டாவது, ஏதோ ஒரு பொடி டப்பாவின் படம். "எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு கூட்டும். ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்." முதலாவதைப் போட்டவர் பொறியாளர். இரண்டாவதைப் போட்டவர், சொல்லவே வருத்தமாக இருக்கிறது, ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டுக்கும் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். 34 வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவன், நானும் ஒரு கைகூப்பைப் போட்டுவிட்டுப் போக முடியவில்லை.

என் வாதம் இதுதான். இரண்டு செய்திகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பாக்டீரியா, வைரஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் "கிருமி" என்கிறோம். உடம்பு அவற்றை எதிர்கொள்ளும் அத்தனை வேலைகளையும் சேர்த்து "எதிர்ப்பு சக்தி" என்கிறோம். பேச்சுவழக்கில் இதில் தவறில்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களின் மூடுபனிக்குள் நின்றுகொண்டு இரண்டு வியாபாரங்கள் நடக்கின்றன. இரண்டாவது வியாபாரத்தில் போவது பெரும்பாலும் உங்கள் பணம். முதலாவதில் போவது அடுத்த வீட்டுக்காரனின் உயிர். அதனால் முதலாவதைப் பற்றி முதலில்.

பாக்டீரியா ஓர் உயிருள்ள செல். அதற்கு வெளிச்சுவர் உண்டு. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு. தானே சாப்பிடும், தானே இரண்டாகப் பிரியும். வசதியான சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதற்காகப் பாக்டீரியா என்றாலே பகைவன் என்று நினைக்காதீர்கள். பாலைத் தயிராக்குவதும் அதுதான், நம் குடலில் கோடிக்கணக்கில் குடியிருந்து நமக்கு உதவுவதும் அதுதான். நோய் தருபவை அதில் சிறுபான்மை.

வைரஸ் செல்லே கிடையாது. கொஞ்சம் டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏ, அதைச் சுற்றி ஒரு புரத உறை. கொரோனா போன்ற சிலவற்றுக்கு அதற்கு மேல் ஒரு கொழுப்பு உறை. சோப்புப் போட்டதும் கரைந்தது அந்த உறைதான். வைரஸ் சாப்பிடாது, தானாகப் பெருகாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம்: அது சமையல் குறிப்பு எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அடுப்பு, பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் நம் செல்லுக்குள் இருக்கின்றன. காகிதம் உள்ளே நுழைந்ததும் நம் செல் தன் சமையலை விட்டுவிட்டு அந்தக் குறிப்புப்படி வைரஸ்களைச் சமைக்க ஆரம்பிக்கும்.

இப்போது ஆன்டிபயாடிக் என்ன செய்கிறது என்று பாருங்கள். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியா தன் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. நம் செல்லுக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லாததால் நமக்குச் சேதமில்லை. அஸித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் அடைத்துக்கொள்கிறது. அது நம் ரைபோசோமிலிருந்து அமைப்பில் வேறுபட்டது என்பதால்தான் இந்த மருந்தை நாம் விழுங்க முடிகிறது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. இல்லாத சுவரை இடிக்கக் கடப்பாரை எதற்கு?

சாதாரணச் சளி, இன்ஃப்ளூயன்ஸா, டெங்கு, சிக்குன்குனியா, தட்டம்மை, சின்னம்மை, கொரோனா, இவை எல்லாம் வைரஸ். காசநோய், டைபாய்டு, காலரா, எலிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவை பாக்டீரியா. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாலும் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இதய வால்வு கெடும். எது எது என்று பிரித்தறியத்தான் மருத்துவர். வாட்ஸப் பொறியாளரால் அது ஆகாது.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். "சார், நான் போட்டேன், மூன்றே நாளில் சரியாகிவிட்டது." சரியாகத்தான் ஆகியிருக்கும். யாரால் என்பதுதான் கேள்வி. வைரஸ் நுழைந்த சில மணி நேரத்திலேயே தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதங்களை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. 1957-லேயே கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் இது. வெள்ளையணுக்கள் அனுப்பும் வேதிச் செய்திகள் மூளையின் ஹைப்போதலாமஸை எட்டி உடல் வெப்பத்தைக் கூட்டுகின்றன. காய்ச்சல் என்பது பெரும்பாலும் நாமே மூட்டிக்கொண்ட அடுப்பு. உடம்பு வலியும் சோர்வும் அந்த வேலையின் விளைவுகள். இதற்குள் டி செல்களும் பி செல்களும் அந்தக் குறிப்பிட்ட வைரஸை அடையாளம் கண்டு பெருகத் தொடங்குகின்றன. அவை முழு வீச்சில் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் அடங்குவது இதனால்தான்.

நாம் எப்போது மாத்திரை வாங்குகிறோம்? முதல் நாள் சமாளிக்கிறோம், இரண்டாம் நாள் கஷாயம், மூன்றாம் நாள் தாங்க முடியாமல் கடைக்குப் போகிறோம். அதாவது நோய் உச்சிக்கு வந்த நாளில். அதன்பின் அது இறங்கித்தான் ஆக வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. மாலை மட்டும் காக்கைக்கு.

"சரி சார், பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் என்ன?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவே.

நீங்கள் விழுங்கிய மாத்திரை வைரஸைத் தொடவில்லை. ஆனால் உங்கள் குடலிலும் தொண்டையிலும் தோலிலும் உள்ள பாக்டீரியாக்களைத் தொட்டது. பலவீனமானவை செத்தன. தற்செயலான மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் திறன் பெற்றிருந்த ஒன்றிரண்டு பிழைத்தன. போட்டியே இல்லாத இடத்தில் அவை பெருகின. இதுதான் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, உங்கள் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது. அதோடு முடிவதில்லை. பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். தீங்கில்லாத ஒரு குடல் பாக்டீரியா கற்ற பாடத்தை நாளை ஒரு நோய்க்கிருமிக்கு நகல் எடுத்துக் கொடுக்கும். நன்றாகக் கவனியுங்கள், மருந்துக்குப் பழகிப்போவது உங்கள் உடம்பு இல்லை, பாக்டீரியா. அது உங்கள் வீட்டுக் கழிவுநீர் வழியாக, கை வழியாக, மருத்துவமனைக் கட்டில் வழியாக ஊருக்குள் போகிறது.

இது யாரும் எதிர்பாராத ஆபத்தும் இல்லை. 1928-ல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் காலம் வரும், அறியாதவர் குறைவான அளவில் சாப்பிட்டு, கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவார் என்பது அவர் சொன்னதன் சாரம். எண்பது வருடத்துக்கு முன்பே நம் தெருமுனை மெடிக்கலை அந்த மனிதர் பார்த்துவிட்டார்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கார்பாபெனெம் போன்ற மிக வலிமையான மருந்துகளையும் உடைத்தெறியும் ஒரு நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயர். அதன் விரிவில் புது டெல்லி என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. 2010-ல் லான்செட் குழும இதழில் இதன் பரவல் பற்றி வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில் சென்னையில் கிடைத்தவையும் இருந்தன. அப்போது நாம் என்ன செய்தோம்? ஊர்ப்பெயரை எப்படி வைக்கலாம், இது நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று சண்டை போட்டோம். பெயரைப் பற்றி இருந்த ரோஷம் கிருமியைப் பற்றி இல்லை. நல்லவேளையாக, 2012-ல் மருத்துவர்களின் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்த ஒரு வழித்திட்டம் வகுத்தார்கள். "சென்னைப் பிரகடனம்" என்று உலகம் அதைக் குறிப்பிடுகிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் என்பது லான்செட் இதழில் 2022-ல் வந்த மதிப்பீடு.

எண்ணிக்கை மனதில் ஒட்டாது என்பது வாத்தியாருக்குத் தெரியும். என்னிடம் படித்தவர் ஒருவர், சர்க்கரை நோயாளி. செருப்பு கடித்துக் காலில் புண். ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்த அறிக்கையைக் காட்டினார். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதிரே ஆர், ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போனது. அதாவது எதிர்ப்பு, எதிர்ப்பு, எதிர்ப்பு. கடைசியில் இரண்டே மருந்து கேட்டது. இரண்டும் நரம்பில் ஏற்றும் ஊசி, விலையோ அவருடைய சம்பளத்துக்கு எட்டாதது. உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் போயின. அவர் வாழ்க்கையில் மருந்தை வீணாக்கியவர் இல்லை. அந்தக் கிருமி வேறு எவருடைய உடம்பிலோ, எந்தக் கோழிப் பண்ணையிலோ, எந்த வார்டிலோ பாடம் படித்துவிட்டு அவர் காலுக்கு வந்தது. கோழிப் பண்ணை என்று சும்மா சொல்லவில்லை. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை, சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது.

ஆகவே "என் காசு, என் உடம்பு, என் மாத்திரை" என்ற பேச்சு இங்கே செல்லாது. மற்ற மருந்தெல்லாம் சாப்பிடுகிறவனோடு முடிந்துவிடும். ஆன்டிபயாடிக் ஊர்ப் பொதுக்கிணறு. ஒருவர் அசுத்தம் செய்தால் எல்லோரும் குடிக்க வேண்டும்.

இனி அந்தப் பொடி டப்பாவுக்கு வருவோம்.

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி என்ன, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரா, மோட்டார் போட்டு நிரப்ப? தோல், மூக்குச் சளி, இரைப்பை அமிலம் என்று முதலில் அரண்கள். அதைத் தாண்டினால் விழுங்கு செல்கள். 1882-ல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திரமீன் லார்வாவின் உடலில் ஒரு முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் செல்கள் அதைச் சூழ்ந்து நின்றதைப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த அறிவு இது. புண்ணில் வரும் சீழில் பெரும்பகுதி, பாக்டீரியாவோடு சண்டையிட்டுச் செத்த நியூட்ரோஃபில் என்ற நம் வெள்ளையணுக்கள். செல்லுக்கு வெளியே திரியும் பாக்டீரியாவை இவையும், பி செல்கள் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களும் சேர்ந்து பிடிக்கின்றன. வைரஸ் விஷயம் வேறு. அது நம் செல்லுக்குள் ஒளிந்திருக்கும்போது எதிர்ப்பொருளால் தொட முடியாது. அப்போது கொல்லும் டி செல்கள் வந்து, வைரஸ் புகுந்த நம் சொந்தச் செல்லையே அழிக்கின்றன.

சொந்த வீட்டையே இடிக்கும் அதிகாரம் உள்ள படை இது. இதைப் பத்து மடங்கு கூட்டினால் என்ன ஆகும்? கூடித்தான் பார்த்திருக்கிறோமே. தேவையில்லாத தூசிக்குக் கொதித்தெழுந்தால் அது ஆஸ்துமா. சொந்த மூட்டைத் தாக்கினால் ருமட்டாய்டு வாதம். கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாக்கினால் குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகையால் வந்த எதிர்ப்பொருள், இரண்டாம் முறை வேறு வகை வரும்போது வைரஸைத் தடுக்காமல், அது செல்லுக்குள் நுழையவே துணைபோவதுண்டு. இரண்டாவது டெங்கு ஆபத்தாக மாற இது ஒரு முக்கியக் காரணம்.

கொரோனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் எதிர்ப்பு சக்தி விற்றுக்கொண்டிருந்தபோது, 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு ஒரு செய்தி சொன்னது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு. அது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து! ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயன் இல்லை. தேவையில்லாமல் அதை அள்ளிப் போட்டதும் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் சேர்ந்து 2021-ல் கருப்புப் பூஞ்சையைக் கொண்டுவந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. வேண்டியது நிதானம். அதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது.

மிளகு ரசத்தோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. காய்ச்சலில் நானும் சுக்குத் தண்ணீரும் கஞ்சியும்தான் குடிக்கிறேன். தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். அதை அந்த அளவில் வைத்துக்கொண்டால் போதும். உண்மையில் இந்தப் படைக்கு உதவுவது என்ன? புரதமுள்ள சாப்பாடு, தூக்கம், சர்க்கரைக் கட்டுப்பாடு, புகைக்காமல் இருப்பது. இவற்றை யாரும் விளம்பரம் செய்யமாட்டார்கள், லாபம் இல்லை.

இன்னொன்று உண்டு. "ஊசி வேண்டாம்" என்று அந்தப் பொடிக்காரர் எதைத் தள்ளிவிடச் சொன்னாரோ, அதுதான். தடுப்பூசி எதிர்ப்பு சக்தியைப் பொத்தாம்பொதுவாகக் கூட்டுவதில்லை. குறிப்பிட்ட ஒரு பகைவனின் முகத்தை முன்கூட்டியே காட்டி, நினைவுச் செல்களை உருவாக்குகிறது. நிஜப் பகைவன் வரும்போது ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். 1899-ல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கியதே பெரியம்மைத் தடுப்பு மருந்துக்காகத்தான். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இயற்கையான போலியோ வைரஸால் நம் நாட்டில் கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். இன்று நாற்பது வயதைத் தாண்டிய யாரையும் கேளுங்கள், வகுப்பில் காலிப்பர் போட்ட பிள்ளை ஒருவராவது உடன் படித்திருப்பார். இன்றைய வகுப்பறையில் தேடிப் பாருங்கள்.

"இயற்கையாக வந்து போனால்தான் நிஜமான எதிர்ப்பு" என்பவர்கள் தட்டம்மையைப் படிக்க வேண்டும். அந்த வைரஸ் நினைவுச் செல்களையே அழிக்கிறது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகள், மற்ற நோய்களுக்கு எதிராக முன்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்ததாக 2019-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. படித்த பாடமெல்லாம் அழிந்த கரும்பலகை. இதுதான் இயற்கை தரும் பரிசு.

எதிர்வாதத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். "டாக்டர்களே சாதாரணச் சளிக்கும் எழுதித் தருகிறார்களே?" உண்மை. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. ஆனால் ஊசி போடாத டாக்டரை, கலர் கலராக மாத்திரை தராத டாக்டரை "கைராசி இல்லை" என்று ஒதுக்கியது யார்? நாமும்தான். "தினக்கூலிக்காரன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக முடியுமா?" இது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் மாலையிலும் திறந்திருக்கும், மருந்தும் பரிசோதனையும் இலவசமாகத் தரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அதைக் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். கூலிக்காரனுக்குப் பலிக்காத மாத்திரையை விற்பது ஏழைக்குச் செய்யும் உதவி ஆகாது.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படியே தவறு. சில வலிமையான மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2014-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு அழகுக்காகப் போட்டது இல்லை. கேரளத்தில் 2024-ல் "ஆபரேஷன் அம்ருத்" என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை நடத்தினார்கள். பக்கத்து மாநிலத்தால் முடிவது நம் தெருவிலும் முடிய வேண்டும்.

கடைசியாக, வாத்தியார் பழக்கம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட முடியாது.

1. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இது வைரஸா, பாக்டீரியாவா? ஆன்டிபயாடிக் அவசியமா?" கேட்டால் கோபப்படாதவரே நல்ல மருத்துவர்.

2. அவசியம் என்று அவர் எழுதினால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். காசநோய் மருந்தில் இது உயிர்ப் பிரச்சினை. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியதை இருமல் நின்றதும் நிறுத்தாதீர்கள்.

3. மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள்.

4. வீட்டிலேயே இருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி, ரத்தக் கசிவு, சிறுநீர் குறைவது, அரைமயக்கம், இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கும் அதுவே. டெங்கு காலத்தில் வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்.

5. பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனது இருந்தால் புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செவிலியரிடம் காட்டுங்கள்.

அந்த இரண்டு செய்திகளையும் போட்டவர்கள் இருவரும் எனக்கு வேண்டியவர்கள்தான். அவர்கள் மேல் கோபமில்லை, செய்தியின் மேல்தான். குழுவிலிருந்து அவற்றை நீக்கிவிடும்படி இருவரையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். பொடி விற்கும் எண்ணை மட்டும் போடாதீர்கள், அழித்துவிடுவேன்.